ஜஸ்டின் தம்பியின் பொட்டுக் கடிகாரம்

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். அன்று விடியற்காலையில்தான் அவருடைய மனைவி இறந்துபோயிருந்தார். மடியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தது, ஏதோ ஓர் அட்டைக்காக எப்போதோ எடுத்த சின்னப் போட்டோ. அந்த அம்மாவின் முகம் தெளிவாகத்தான் இருந்தது. காதுதான் மூளியாக இருந்தது. தோடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுத் தோடு எங்கே போயிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜஸ்டின் அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் இரண்டு காதிலும் ஒரு சிவப்புக்கல் தோட்டை வரைந்துவிட்டார். பெரிய தோடு இல்லை. அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடிய தோடு. பெரியவர் திரையைப் பார்த்தார். விரலை நீட்டினார். கண்ணாடியைத் தொடாமல் அந்தக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"போட்டோவுல வெளிச்சம் பத்தலங்கய்யா, அதான் மொதல்ல தெரியாம இருந்துச்சு" என்றார் ஜஸ்டின்.

பெரியவர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் பின்னால் தரையில் உட்கார்ந்து பிளக்ஸ் சட்டத்துக்கான ரீப்பர் கட்டையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது ஜஸ்டினுக்குத் தெரியாது. நானும் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். மற்றதெல்லாம் பிறகுதான்.

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டைப் பார்த்த கடை அது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் பிளக்ஸ் அங்கேதான். முதலாளிக்கு வேறு ஊரிலும் கடை இருந்ததால் எப்போதாவதுதான் வருவார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படமும் எழுத்தும் சேர்ப்பது ஜஸ்டின். பிரிண்ட் ஆகி வந்ததை வெட்டி, ஓரம் மடித்து, ரிங் அடித்து, சட்டத்தில் கட்டிக் கொடுப்பது நான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். பிளக்ஸைத் தலைகீழாகக் கட்டிவிடாமல் இருக்க அது போதும்.

ஜஸ்டின் குளத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயார் இருந்தவரை அவரைப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மா போன பிறகு கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காருவார். பாட்டுப் பாட மாட்டார், ஆனால் வாய் அசையும். சாப்பாட்டில் காரம் ஆகாது. கோபம் வந்தால் மவுஸைக் கொஞ்சம் பலமாகத் தட்டுவார். அவருடைய கோபத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

முன்னே கடைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் தொங்கியது. அதனால்தான் ஒரு தவறு நடந்தது. ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோய், அவருடைய மகள் ஓடிவந்தது. கையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டப் போட்டோ. நாலு மணிக்குப் பிணத்தை எடுக்கிறார்கள். அந்தப் பெண் போட்டோவைப் பார்த்த நேரத்தைவிடச் சுவரைப் பார்த்த நேரம்தான் அதிகம். இவரா என்று ஜஸ்டின் கேட்டதற்கு, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றது. பிளக்ஸும் அடித்துப் போய்விட்டது. வீட்டு வாசலில் கட்டிய பிறகுதான் தெரிந்தது, அது இறந்தவர் இல்லை, அவருடைய தம்பி. அச்சாக அண்ணன் ஜாடை. ஆனால் நல்லபடியாக உயிரோடு, அதே வாசலில் பந்தலுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் அந்தப் பிளக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு நானே மால போட்டுக் கும்புட்டுட்டு வந்துருக்கேன் தம்பி. தேதியத்தான் தப்பாப் போட்டுட்டீங்க. ஆனா போட்டோ நல்லா விழுந்துருக்கு."

அவர் சிரித்தார். அந்தப் பிளக்ஸைத் தானே கொண்டுபோய், வைக்கோல் போர் மேல் முகம் உள்பக்கம் இருக்கும்படி போட்டு மூடிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் இறந்தவருடைய மகளால் சிரிக்க முடியவில்லை. அப்பா கிடந்த வாசலில் அப்பா முகம் இல்லாமல் போய்விட்டதே என்று அது கடைக்கு வந்து ஒருபாட்டம் அழுதுவிட்டுப் போனது. ஜஸ்டின் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அது போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்.

கடிகாரம் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் ஜஸ்டினுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. இதற்கு என்ன வழி என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடி, அவர் ஒரு கடிகாரத்தைக் கண்டுபிடித்து வைத்தார். அதில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. திரையின் வலது மேல்மூலையில் நெட்டுவாக்கில் ஆறு வரிசைப் பொட்டுகள், அவ்வளவுதான். சில பொட்டு பச்சையாக எரியும். சிலது அணைந்து கிடக்கும். எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பதை வைத்து மணி சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தனக்குள்ளே கணக்குப் போடுவதே அப்படித்தானாம். அதற்கு எரிவதும் அணைவதும் தவிர வேறு பாஷை தெரியாதாம்.

அந்தப் பொட்டுகளைப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேரம்போர்டுக் காயா என்றார் ஒருவர். முதலாளி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "கஸ்டமர் பாத்தா கம்ப்யூட்டருக்கு அம்ம போட்டுருக்குன்னு நெனைக்கப் போறான்யா, எடுத்து விடு" என்றார். ஜஸ்டின் சரிங்க என்றார். எடுக்கவில்லை.

துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்த உடனே கேட்பது மணிதான். மணி என்ன தம்பி, நேரம் ஆகிப்போச்சா தம்பி என்பார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"நீங்க மணியப் பாக்காதீங்க. நேரமானா நான் சொல்றேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர்களுடைய தோள் கொஞ்சம் இறங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் போட்டோவைப் பார்ப்பார்கள். இந்தச் சேலை அவளுக்குப் பிடிக்கும் என்பார்கள். இந்தச் சட்டை தீபாவளிக்கு எடுத்தது என்பார்கள். அவசரத்தையெல்லாம் ஜஸ்டின் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொள்வார். அவ்வப்போது கண்ணை மட்டும் மேல்மூலைக்கு ஓட்டிவிட்டு இறக்கிக்கொள்வார். என் ஆண்டவரே, இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்குத் தோன்றும்.

எனக்கும் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசை. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஜஸ்டின் சொன்னது இதுதான். முதல் இரண்டு வரிசை மணிக்கு, அடுத்த இரண்டு வரிசை நிமிஷத்துக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் முன்வரிசை பத்துகளுக்கு, பின்வரிசை ஒன்றுகளுக்கு. கடைசி இரண்டும் நொடி, அதைப் பார்த்தால் கண்தான் வலிக்கும், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கீழே இருக்கிற பொட்டு ஒன்று. அதற்கு மேலே இரண்டு. அதற்கு மேலே நாலு. உச்சியில் எட்டு. எரிகிறதை மட்டும் கூட்டுங்கள்.

ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று நான் முணுமுணுத்துப் பார்த்தேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கட்டையை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் சட்டென்று பிடிபட்டது.

"தம்பி, இது ஆழாக்கு, உழக்கு, அரைப்படி, படிதானே" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அரிசி அளக்கிற கணக்கை நான் சொன்னேன். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு அரைப்படி. ரெண்டு அரைப்படி ஒரு படி. அப்படியென்றால் ஒரு ஆழாக்கு, ரெண்டு ஆழாக்கு, நாலு ஆழாக்கு, எட்டு ஆழாக்கு. எரிகிற பொட்டு அரிசி நிறைந்த படி, எரியாத பொட்டு வெறும் படி. மொத்தம் எத்தனை ஆழாக்கு அரிசி என்று பார்த்தால் மணி வந்துவிடுகிறது. ஜஸ்டின் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார். அன்றையிலிருந்து என்னை வம்புக்கு இழுப்பதென்றால், "அக்கா, இப்ப எத்தனை ஆழாக்கு" என்பார். நான் எட்டிப் பார்ப்பேன். இரண்டாவது வரிசையில் ஆழாக்கும் உழக்கும் எரியும், மூணு மணி. மூன்றாவது வரிசையில் அரைப்படி எரியும், நாற்பது நிமிஷம். நாலாவதில் ஆழாக்கு, உழக்கு, அரைப்படி மூன்றும் எரியும், ஏழு. "மூணு நாப்பத்தேழு, டீக்குச் சொல்லுங்க தம்பி" என்பேன். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அது நாற்பத்தெட்டு ஆகியிருக்கும். அதற்கும் ஒரு சிரிப்பு.

அழகி அம்மா வந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

நார்த்தாமலைக்கு அங்கிட்டு அவர்கள் ஊர். ஒரே மகன், பெயர் அரவிந்த்குமார். அரபு நாட்டில் கட்டிட வேலைக்குப் போனவன், அங்கேயே இறந்துபோனான். அங்கிருந்து வர வேண்டிய காகிதமெல்லாம் வந்து சேர ரொம்ப நாளாகிவிட்டது. அன்று காலையில்தான் பெட்டி திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்திறங்கியது. பெட்டியைத் திறக்கக் கூடாது, அப்படியே அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் அந்தத் தாய்க்கு மகன் முகம் இல்லை. பிளக்ஸில் வருகிற முகம்தான் முகம்.

வழக்கமாக இதற்கெல்லாம் ஆம்பளைகள்தான் வருவார்கள். அந்த அம்மா தானே வந்திருந்தார். கூட வந்தவர் அவருடைய தம்பி சோலையப்பன். உறவுக்காரர்கள், அவன் கோட்டுப் போட்டு எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைப் போடச் சொன்னார்களாம். இது என் பிள்ளை மாதிரியே இல்லை, நானே போய்ப் பார்த்து எடுக்கிறேன் என்று அந்த அம்மா பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாராம். மகன் போன லீவில் வந்தபோது விட்டுவிட்டுப் போன பழைய போன் ஒன்று கையில் இருந்தது. சிம் இல்லாத போன். அதற்குள் அவன் எடுத்த படமெல்லாம் இருந்தது. அதைத் திறந்து பார்க்க அந்த அம்மாவுக்குத் தெரியாததால், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பெட்டி ஏற்றிய வண்டி ஒரு மணிக்கு ஊருக்குப் போய்விடும், கொஞ்ச நேரம்தான் வைப்பார்கள், அதற்குள் பிளக்ஸ் வந்துவிட வேண்டும் என்று சோலையப்பன் சொன்னார். சொல்லிவிட்டு மாலை, பன்னீர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். ஜஸ்டின் போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார். படங்கள் வரிசையாக வந்தன. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி என்ன என்று கேட்டார். நேரமானால் நான் சொல்கிறேன் என்று ஜஸ்டின் சொன்னார்.

அதன் பிறகு அந்த அம்மா மணியைப் பற்றி நினைக்கவே இல்லை. மகன் சமைத்துக்கொண்டிருந்தான். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கட்டிடத்தின் மேலே நின்றான். பூனைக்குப் பால் ஊற்றினான். ஒவ்வொரு படத்துக்கும் அந்த அம்மா ஏதாவது சொன்னார். "இங்க ஒரு வேல செய்ய மாட்டான் தம்பி, அங்க போயி சட்டியெல்லாம் வெளக்கியிருக்கான் பாரு." ஜஸ்டின் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றைக்கூட வேகமாகத் தள்ளவில்லை. கண்ணை மட்டும் மேல்மூலைக்குக் கொண்டுபோய்விட்டு வந்தார். நேரம் நிறைய இருக்கிறது என்ற நிதானம் அவருடைய முகத்தில் இருந்தது.

அப்போது எங்கள் மாதா கோயிலில் மதிய மணி அடித்தது. நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று மூவேளைச் செபம் சொன்னேன். அது எனக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். செபம் சொல்லும்போது கண் தானாகத் திரையின் மூலைக்குப் போனது. பன்னிரண்டு மணி என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வரிசையில் ஒரு ஆழாக்கு, இரண்டாவதில் ஒரு உழக்கு, மற்றதெல்லாம் வெறும் படி. ஆனால் அங்கே உழக்கு எரிய வேண்டிய இடத்தில் ஆழாக்கு எரிந்தது. நிமிஷத்தின் முன்வரிசையில் ஒரு உழக்கு எரிந்தது. பதினொன்று இருபது.

நான்தான் தப்பாகக் கூட்டுகிறேன் என்று நினைத்தேன். செபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். மெதுவாகப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"தம்பி, கோயில் மணி அடிச்சிருச்சு."

"பதினொன்னு இருபதுதானேக்கா ஆகுது."

"கோயில் மணி தப்பாது தம்பி."

ஜஸ்டின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜை டிராயரை இழுத்தார். கஸ்டமர் இருக்கும்போது தன்னுடைய போனைச் சத்தமில்லாமல் வைத்து அதற்குள் போட்டுவிடுவது அவருடைய வழக்கம். எடுத்துப் பார்த்தார். அதில் மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

அன்று காலையில் கரண்ட் போயிருந்தது. அப்போது கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. கம்ப்யூட்டருக்கு உள்ளே ரூபாய்க் காசு மாதிரி ஒரு சின்னப் பேட்டரி இருக்குமாம். அணைந்து கிடக்கிற நேரத்திலும் மணியை ஓட்டுவது அதுதானாம். அது சக்தி குறைந்து கிடந்திருக்கிறது. கரண்ட் இல்லாத நேரம் முழுவதும் கடிகாரமும் தூங்கிவிட்டு, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுந்து ஓடியிருக்கிறது. முள் இருந்திருந்தால் கடைக்கு வந்தவர்களில் யாராவது ஒருவர், என்னப்பா உன் கடிகாரம் மெதுவாகப் போகுது என்று சொல்லியிருப்பார்கள். பொட்டைப் பார்த்து யார் சொல்வது?

போனில் சோலையப்பன் பலமுறை கூப்பிட்டிருந்தார். ஜஸ்டின் வாசலுக்குப் போய்த் திரும்பக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. ஏர்போர்ட்டில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். வண்டி மாத்தூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறதாம். கீரனூருக்கு வர இன்னும் கொஞ்ச நேரம்தான். டிரைவருக்கு வேறு சவாரி இருக்கிறதாம். ஊரில் இறக்கி உடனே எடுத்துவிடுவார்களாம். பிளக்ஸ் அடித்தாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் படமே தேர்ந்தெடுக்கவில்லை என்று ஜஸ்டின் உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டு, தப்பு என் பேரில், வண்டியை நம்ம கடை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்றார்.

பிறகு உள்ளே வந்தார். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய படம் இன்னும் எவ்வளவோ இருந்தது. ஜஸ்டின் நாற்காலியில் உட்காரவில்லை. அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். எத்தனையோ பேரிடம் நேரமானால் நான் சொல்கிறேன் என்று சொன்னவர்தான். ஆனால் எப்போதும் நேரத்துக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுவார். அதனால் அதைச் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு அதுவரை வந்ததே இல்லை.

"அம்மா, நேரமாயிருச்சு. வண்டி வந்துக்கிட்டு இருக்கு. எங்கிட்ட உள்ள கடியாரம் தப்பாயிருச்சும்மா. நான் ஒங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அந்த அம்மா கோபப்படவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நீ சொல்றேன்னு சொன்னதாலதான் தம்பி, நான் எம்புள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்போது திரையில் இருந்தது, அவன் கைலி கட்டிக்கொண்டு ஒரு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரோ சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிற படம். கண் பாதி மூடியிருந்தது. முடி கலைந்திருந்தது. இதுதான் என் பிள்ளை, இதையே போடு என்றார் அந்த அம்மா.

ஜஸ்டின் முடியை ஒதுக்கவில்லை, கைலியை மறைக்கவில்லை. பெயரையும் தேதியையும் மட்டும் போட்டு மிஷினுக்கு அனுப்பினார். மிஷின் அதன் வேகத்தில்தான் போகும். இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே நின்றோம். முதலில் முடி வந்தது, பிறகு நெற்றி, பிறகு கண். பாதி வரும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். சோலையப்பன் மாலையோடு ஓடிவந்து அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அதற்குப் பிறகு ஹாரன் கேட்கவில்லை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

சட்டத்தில் கட்ட நேரமில்லை. கட்டினாலும் வண்டிக்குள் நுழையாது. மை காயாத பிளக்ஸைச் சுருட்டவும் முடியாது. ஜஸ்டின் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்துக்கொண்டு அப்படியே வண்டியில் ஏறினோம். கடைக் கதவைச் சும்மா இழுத்துவிட்டுத்தான் போனோம். அந்த அம்மா பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, எதிரே நாங்கள் பிடித்திருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி குலுங்கினால் பிளக்ஸும் குலுங்கியது. நான் செபமாலையை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஊரில் இறக்கிய பிறகும் கட்டுவதற்குக் கம்பு தேட நேரமில்லை. பெட்டியின் தலைமாட்டில் நாங்களே பிடித்துக்கொண்டு நின்றோம். ஊர்ப் பெண்கள் பெட்டியைப் பார்த்து அழ வந்து, அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுதார்கள். உறவுக்காரர் ஒருவர், சாவுக்குக் கைலியோட ஒரு போட்டோவா என்று முணுமுணுத்தார். எடுக்கிற வரையில் ஜஸ்டின் கையை இறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருடைய சட்டைக் கையெல்லாம் மை.

மறுநாள் நான் போனபோது சுவரில் பழைய கடிகாரம் தொங்கியது. திரையில் பொட்டுகள் இல்லை. பேட்டரியையும் மாற்றியிருந்தார். பல நாள் அவர் எத்தனை ஆழாக்கு என்று என்னை வம்புக்கு இழுக்கவும் இல்லை. துக்க வீட்டுக்காரர்கள் வந்தால் சுவரைக் காட்டினார். அவர்களும் பழையபடி முள்ளைப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாக ஆமாம் போட்டுவிட்டுப் போனார்கள்.

கருமாதி முடிந்து அழகி அம்மா மறுபடியும் வந்தார். மீதிப் படங்களையும் பார்க்க வேண்டும், வீட்டில் மாட்ட ஒரு சின்னப் படம் வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்தார். பிறகு திரையின் மூலையைப் பார்த்தார்.

"அந்தப் பச்சப் பொட்டெல்லாம் எங்க தம்பி?"

"எடுத்துட்டேம்மா. அது ஒங்கள ஏமாத்திருச்சு."

"எனக்குச் சொவத்துல மணி ஓடுனா படம் பாக்க ஓடாது. அத எறக்கு. நீயே சொல்லு."

ஜஸ்டின் தயங்கினார். நான்தான் ஸ்டூலை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றையிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. கோயிலில் மதிய மணி அடிக்கும்போது நான் எழுந்து நின்று செபம் சொல்வேன். சொல்லி முடித்ததும் திரையின் மூலையைப் பார்ப்பேன். முதல் வரிசையில் ஆழாக்கு, இரண்டாவதில் உழக்கு. ஜஸ்டின் திரும்பாமலேயே, "சரியாக்கா" என்பார். "சரி தம்பி" என்பேன். யாராவது கஸ்டமர் இருந்தால், இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று விழிப்பார். கரண்ட் போய் வந்த நாளில் மட்டும் சரியாக்கா என்று இரண்டு தடவை கேட்பார்.

அப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கிட்னி என்றார்கள். புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வந்தார். கடைசியில் அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். கடைக்கு வேறு ஆள் வந்தது. பொட்டுகளைப் பார்த்ததும் வைரஸ் என்று எடுத்துவிட்டது. அதை நான் ஜஸ்டினிடம் சொல்லவில்லை. சோலையப்பன் ஒருமுறை போய்ப் பார்த்தார். அழகி அம்மா எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

நான் கடைசியாகப் போனது ஒரு சனிக்கிழமை. திரும்பவும் உயிரோடு பார்க்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஆண்டவருக்குத்தான் தெரியும். மெலிந்து, மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தார். கோயில் தீர்த்தம் கொண்டுபோயிருந்தேன், நெற்றியில் தொட்டு வைத்தேன். கொஞ்சம் பேசினோம். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. கீரனூரில் இறங்கி எங்கள் கிராமத்துக்குப் போகிற சாயந்திர பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. அதனால் என் கண் அவருடைய முகத்தில் நிற்காமல் அந்த முள்ளுக்கே போய்ப் போய் வந்தது. அவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தலையணையில் தலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, கடிகாரம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"நீங்க மணியப் பாக்காதீங்கக்கா, சும்மா உக்காந்திருங்க. நேரமானா நான் சொல்றேன்."